ஆன்டிக்கு வந்த உயிர்

கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலில் தினமும் என் பக்கத்தில் உட்காரும் ஆன்டி, கைபேசியில் மிட்டாய் அடுக்கும் விளையாட்டைச் சத்தத்தோடு ஆடுவார். என் காலை எரிச்சல்களின் பட்டியலில் அதுதான் முதலிடம். தொடங்குமுன் துப்பட்டாவால் திரையைத் துடைத்துக்கொள்வார்.

ஒருநாள் கைபேசியை நீட்டினார். "ரொம்ப ஸ்லோமா. கொஞ்சம் பாரேன்."

எதையும் கேட்காமல் சுத்தம் செய்தேன். நிறைய இடம் பிடித்திருந்த அந்த விளையாட்டை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினேன். அது முதல் கட்டத்தில் திறந்தது.

"மக அனுப்பற உயிர் எங்கம்மா?"

தோற்றவர் மறுபடி ஆட, நண்பர்கள் அனுப்பும் உயிர் அது.

"ரெண்டு வருஷமா எங்கிட்ட பேசறதில்ல. கேம்ல மட்டும் தினமும் ஒரு உயிர் அனுப்பிருவா. நானும் ஒன்னு அனுப்புவேன்."

"பழைய அக்கவுண்ட் பாஸ்வேர்ட் இருக்கா ஆன்டி?"

"அவதான் போட்டுக் கொடுத்தா."

"அவங்களக் கேளுங்களேன்."

"எப்படிக் கேக்கறது லா? பேசறதில்லன்னு இப்பதானே சொன்னேன்," என்று சிரித்தார்.

கேஎல் சென்ட்ரலில் இறங்கும்வரை நான் மன்னிப்புகூடக் கேட்கவில்லை. மறுநாள் அவர் முதல் கட்டத்தைச் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்.

எங்கோ ஒரு திரையில் அன்றோடு அம்மாவின் உயிர் வருவது நின்றிருக்கும். அம்மாவே நிறுத்திவிட்டதாக அந்த மகள் நினைத்திருப்பாள்.