கரண்ட் இல்லாத போர்டில் ஆடிய முள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். படித்தது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. மீட்டரில் காட்டாத எதையும் நம்பமாட்டேன் என்று வீட்டில் எல்லோர் வாயையும் அடைத்தவள். என் கெட்ட நேரம், இது மீட்டரிலேயே காட்டியது. நீங்கள் சிரித்தாலும் சரி, சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். கிணற்றில் தண்ணீர் குறைந்தால் பம்புசெட் மோட்டாரைத் தானாக நிறுத்தும் சர்க்யூட் போர்டுகள் செய்வோம். மேஜையில், புரோகிராமை ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலர் சிப் வைத்த, சோதனைக்கான ஒரு டெவலப்மென்ட் போர்டு இருக்கும். அதிலிருந்து பட்டை ஒயர் ஒன்று நாங்கள் செய்த போர்டுக்குப் போகும். இங்கிருந்து புரோகிராமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி, அங்கே எந்த இடத்தில் மக்கர் பண்ணுகிறது என்று பிடிக்கவேண்டும். கூடவே முள் மீட்டரை மாட்டி, போர்டு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்றும் பார்ப்போம்.

அந்த மேஜையில் நானும் ஜெயசீலியும். ஒரே பாலிடெக்னிக், ஒரே வகுப்பு, மார்க் எனக்குத்தான் அதிகம். ஆனால் காலையிலிருந்து நான் கண் எரிய உட்கார்ந்தும் பிடிபடாத கோளாறை, அவள் டீ டம்ளரோடு வந்து, போர்டில் ஒரு விரலை வைத்து, "இந்தா, இங்கன பாருளா" என்பாள். அங்கேதான் இருக்கும். முதலாளி அண்ணாச்சி வருகிறவர்களிடமெல்லாம், "ஜெயசீலி கை பட்டாப் போதும்வே, போர்டு பேசும்" என்பார். நான் பக்கத்திலேயேதான் நிற்பேன். எனக்கு எப்படி வயிறு எரியும் தெரியுமா? அதிலும் பெங்களூர்க் கம்பெனி ஒன்று எங்களில் ஒருத்தியைக் கேட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு, அவள் சிரித்தால்கூட எனக்குப் பொறுக்காது.

ஒரு சனிக்கிழமை அவள் சர்ச் ஆட்களோடு பாபநாசம் போயிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த போர்டு ஒன்று, கரண்டை அதிகமாக இழுத்துக்கொண்டு, பாதியிலேயே உறைந்து நின்றுவிடும். "நீ தொடாதளா, நான் வந்து பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். விடுவேனா? அவள் வருவதற்குள் சரிசெய்து அண்ணாச்சி முன்னால் வைத்துவிட வேண்டும்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். ஒரு பாகத்தை மாற்றுவதற்காக சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினேன். மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்தது. பிறகு, நம்பினால் நம்புங்கள், பைய எழுந்தது. இறங்கியது. மறுபடி எழுந்தது. கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் சார்ஜ் என்று நினைத்து அதை ஷார்ட் செய்தேன். பட்டை ஒயரைக் கழற்றினேன். மீட்டரின் ஒரு முனையையும் எடுத்துவிட்டேன், கரண்ட் போக வழியே கிடையாது, ஆனாலும் முள் ஏறி இறங்குகிறது, தூங்குகிறவர்களின் நெஞ்சு மாதிரி. எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். என்னை முட்டாளாக்க இவள் எங்கேயோ பேட்டரி ஒளித்து வைத்திருக்கிறாள் என்று போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அப்போது முள்ளின் ஆட்டம் குறைய ஆரம்பித்தது. குறைந்து குறைந்து, நின்றுவிட்டது. அவள் போர்டு செத்தது என்று எனக்கு ஒரு சந்தோஷம்கூட. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடியே நின்றேன். எவ்வளவு நேரமோ தெரியாது. திடீரென்று எனக்கே மூச்சு முட்டியது. போர்டு உறைந்தால் ரீசெட் பட்டனை அமுக்குவது எங்கள் பழக்கம், கை தானாகப் போனது. அமுக்கினேன், அசைவில்லை. பலம் கொண்ட மட்டும் அமுக்கினேன். முள் அந்தக் கோடிக்குத் துள்ளி விழுந்து, மறுபடி ஏறி இறங்க ஆரம்பித்தது. நான் வெளியே ஓடி வந்து வெயிலில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வேர்க்க வேர்க்க வந்தார். "ஏம்மா, வீட்டுக்கு போன் வந்துச்சு. ஜெயசீலி ஆத்துல வழுக்கி விழுந்துட்டாளாம். கரையில தூக்கிப் போட்டப்போ மூச்சே இல்லையாம், எல்லாரும் அழுதுட்டாவளாம். பெறகு யாரும் தொடாமலே விலுக்குன்னு எந்திச்சிட்டாளாம்!"

மீட்டரில் பார்த்ததை நான் அன்றைக்கும் சரி, பிறகும் சரி, யாரிடமும் சொல்லவில்லை. அவள் திரும்பி வந்தாள். சர்ச்சில் அவளுக்காக ஸ்தோத்திர ஜெபம், கம்பெனியில் அவளுக்காகக் கேக். செத்துப் பிழைத்ததிலும் அவளுக்குத்தான் பெயர். பெங்களூர் வேலையும் அவளுக்கே போனது.

கிளம்புகிற அன்றைக்கு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். வேறு யாருமில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்: "ஏளா, பெறகு அமுக்குன, சரி. அதுக்கு முன்னால கையக் கட்டிக்கிட்டு பாத்துக்கிட்டே நின்னியே, ஏன்ளா?"

பதிலுக்கு நிற்காமல் சிரித்துவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். அந்தக் குரலில் துளிகூடக் கோபம் இல்லை. இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாதது அதுதான்.