எல்லோருக்கும் கிடைத்த முத்தமும் எனக்கு மட்டும் வந்த மெமோவும்

1957 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, நான் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது ஒட்டிய கவர் ஒன்று என் மேசைக்கு வந்தது. உள்ளே ஆங்கிலத்தில் ஒரு பக்கம். எனக்கு அப்போது ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். அகராதியை வைத்துக்கொண்டு படித்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அலுவலக விருந்தில் நான் மது அருந்தினேனாம். பலர் பார்க்க ஓர் ஆண் அதிகாரியோடு முத்தம் பரிமாறிக்கொண்டேனாம். அரசு ஊழியருக்கு இது தகாத நடத்தையாம். என்னை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதற்குப் பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டுமாம், அதன் பிறகு விசாரணையாம்.

நான் அழவில்லை சகோதர சகோதரிகளே. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். மிச்சமிருந்த ஆறு பக்கத்தையும் அடித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

என் பெயர் செலின். வீடு புதுச்சேரியில் உப்பளம் பகுதியில். என் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு சைகோனுக்குப் போனவர், அங்கேயே அடக்கமானார். அவருடைய பென்ஷன் காகிதங்கள் எந்த மேசையில் தூங்குகின்றன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிள்ளை ஒருத்திதான், தெரேஸ். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. என் டைப்பிஸ்ட் வேலையை நம்பித்தான் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

54 நவம்பரில் கொடி மாறியது, பிரெஞ்சு போய் இந்தியா வந்தது. வேலை போகவில்லை, மெஷின் மாறியது. பிரெஞ்சு மெஷினில் எழுத்துகள் இருக்கும் இடம் வேறு, ஆங்கில மெஷினில் வேறு. பதினெட்டு வருஷம் பழகிய விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முப்பத்தொன்பது வயதில் பள்ளிப் பிள்ளையைப் போல் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டேன். அந்த இரண்டு வருஷமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தோள்பட்டை இரண்டும் என்னுடையதாகவே இருக்காது. அதற்கு மேல்தான் இந்த மெமோ.

இனி அந்த விருந்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஷெஃப், அதாவது அலுவலகத் தலைவர், முசியே அந்துவான் என்ற பிரெஞ்சுக்காரர். ஓய்வு பெற்று ஊருக்குப் போவதற்காக ஜனவரியில் அவருக்கு ஒரு வழியனுப்பு விருந்து வைத்தோம். புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இப்படிப்பட்ட விருந்தில் ஆளுக்கொரு சின்னக் கிளாசில் ஒயின் ஊற்றுவார்கள். போகிறவர் நலமாக இருக்கட்டும் என்று எல்லோரும் கிளாசை உயர்த்தி ஒரு வாய் வைக்க வேண்டும். வாய் வைக்காவிட்டால் அவர் நலத்தை நாம் விரும்பவில்லை என்று அர்த்தம். பிறகு போகிறவர் வரிசையாக ஒவ்வொருவரிடமும் வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து விடைபெறுவார். ஆண் பெண் என்ற பேதமில்லை. எங்கள் வீடுகளில் ஞானஸ்நான விருந்திலும் இதுதான் நடக்கும். நான் குழந்தையிலிருந்து பார்த்தது.

வரிசை உத்தியோகப்படி நின்றது. முதலில் ஹெட் கிளார்க் சவரிமுத்து, பிறகு கணக்கர், குமாஸ்தாக்கள், அதற்குப் பிறகு நான். எனக்கு அடுத்து, கடைசியாக, ஒயின் ஊற்றிய பியூன் கோவிந்தன். ஷெஃப் என்னிடம் வந்து முத்தம் கொடுத்த அந்த நிமிஷத்தில்தான் கதவு திறந்தது. சென்னைப் பக்கத்திலிருந்து வந்து இரண்டே மாதமான புது சூப்பரின்டெண்ட் நடேசன் உள்ளே கால் வைத்தார். மதுவிலக்கு ஊர்க்காரர். ஒரு கையில் ஒயின் கிளாசோடு, வெள்ளைக்காரரிடம் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்ற வெள்ளைச் சேலை விதவையைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். எனக்கு முன்னால் நடந்ததை அவர் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நடந்ததையும் பார்க்கவில்லை.

அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. எல்லோருக்கும் நடந்ததுதான் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். முதலில் சவரிமுத்துவிடம் போனேன். ஞாயிறு பூசையில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவர்.

"இன்னா செலின் நீங்க! ஒரு ஆம்பள எனக்கு முத்தம் குடுத்தான்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறதா? ஆபீசே சிரிக்கும். எம் பொண்ணுக்கு வேற மாப்ள பாத்துக்கினு இருக்கறேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் ஒரு வழி சொல்றேன் கேளுங்க. போதைல தெரியாம நடந்துட்டேன், மன்னிச்சிடுங்கன்னு எழுதிக் குடுத்துடுங்க. இன்கிரிமெண்ட நிறுத்துவாங்க, வேல போவாது" என்றார்.

கணக்கரிடம் போனேன், அவருக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது. குமாஸ்தாக்கள் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்கள். அந்தக் கடலை அவர்கள் அதற்கு முன் அவ்வளவு அக்கறையாகப் பார்த்து நான் கண்டதில்லை.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிஞ்சியது. முசியே அந்துவானுக்கே எழுதினேன். இது எங்கள் வழக்கம் என்று அவர் நான்கு வரி எழுதி அனுப்பினால் போதும். பிரான்சில் அவருடைய சகோதரி வீட்டு விலாசம் என்னிடம் இருந்தது. கடிதம் போன கையோடு மாதாவுக்கு நவநாள் ஆரம்பித்தேன். ஒன்பது நாளும் ஒரே மன்றாட்டு. அவருடைய பதில் விசாரணைக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

பக்தியோடு ஜெபித்தேன் என்று சொன்னால் அது பொய். மூன்றாம் நாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே தூங்கிப்போனேன். ஐந்தாம் நாள் மறந்தே போனது. பிறகு எத்தனையாவது நாள் என்று எண்ணிக்கையும் விட்டுப்போனது. கோயிலில் பெண்கள் என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு மாதாமேல்கூடக் கோபம் வந்தது. "உமக்கென்ன, பீடத்தில் நிற்கிறீர்" என்று ஒருநாள் சொல்லியும் விட்டேன். அதற்காகப் பிறகு பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன், அது வேறு விஷயம். தபால்காரர் தினமும் வந்தார், எனக்கு எதுவும் கொண்டுவரவில்லை.

பதினைந்து நாளில் பதிமூன்று கழிந்தது. சவரிமுத்து சொன்ன மன்னிப்புக் கடிதத்தை அடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வேடிக்கையைப் பாருங்கள், என்னைக் குடிகாரி என்று சொல்லும் காகிதத்தையும் நானேதான் அடிக்க வேண்டும். அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி. தெரேஸ் அதை எடுத்துப் படித்துவிட்டாள்.

"மம்மா, நீ நெஜமாவே குடிச்சிட்டு ஆடினியா?"

இல்லை என்றேன்.

"அப்ப எதுக்கு இப்படி எழுதியிருக்க? பள்ளிக்கூடத்துல கேக்கறாங்க மம்மா. நான் இல்லன்னுதான் சொல்லிக்கினு இருக்கறேன்."

எனக்காக இந்த ஊரில் ஒருத்தி மட்டும் "இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளையும் நான் பொய்க்காரியாக்கப் பார்த்தேன். காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அப்புறம் அடுப்பங்கரையிலேயே முழங்காலில் நின்றேன். நவநாள் ஜெபம் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. "ஆண்டவரே, என்னால முடியல. இனிமே நீர் பார்த்துக்கொள்ளும்" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம். மறுநாள், ஒயினில் வாய் வைத்தது உண்மை, முத்தம் உண்மை, இரண்டும் அலுவலக வழக்கம், எல்லோருக்கும் நடந்தது என்று எழுதிக் கொடுத்தேன்.

மார்ச்சில் விசாரணை. வேறு இலாகாவிலிருந்து வயதான ஓர் அதிகாரி வந்தார். அவருக்கு அன்று கடுமையான ஜலதோஷம், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை. காலையில் தபால் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சரி, முடிந்தது என்று போய் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கணக்கர் கவனிக்கவில்லை என்றார். குமாஸ்தாக்களும் கவனிக்கவில்லை. சவரிமுத்து அந்த நேரம் கேக் வெட்டிக்கொண்டிருந்தாராம்.

கடைசியாக, யார் எவ்வளவு குடித்தார்கள் என்று கேட்பதற்காகக் கோவிந்தனைக் கூப்பிட்டார்கள். மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். என்னைவிட அத்தனை வயது மூத்தவரை நான் அதுவரை "டேய் கோவிந்தா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பியூன் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பேன்.

"மதாமுக்கு நாந்தான் சார் ஊத்துனேன். கிளாசத் திரும்ப எடுத்ததும் நாந்தான். ஊத்துனது அப்படியே இருந்துச்சி. ஒதட்ட நனைச்சாங்க, அவ்ளோதான்" என்றார்.

"சரி, போகலாம்" என்றார் அதிகாரி.

கோவிந்தன் போகவில்லை. தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"முத்தம் குடுத்தத பத்தி எங்கிட்ட கேக்கலியே சார்."

"நீ பார்த்தியா?"

"பாத்தேன் சார். எனக்குந்தான் குடுத்தாரே."

அதிகாரி கைக்குட்டையைக் கீழே இறக்கினார்.

"யார்?"

"ஷெப்பு தொரைதான். மொதல்ல ஹெட் கிளார்க்கு சார், அப்புறம் எல்லாரும், அப்புறம் மதாமு. கடைசி ஆளு நானு. ரெண்டு கன்னத்துலயும் குடுத்தாரு. இருவத்தாறு வருசம் அவருக்குத் தண்ணி வச்சிருக்கேன் சார். அன்னிக்கித்தான் என்னத் தொட்டாரு. கேலி பண்ணுவாங்கன்னு ஊட்லகூட சொல்லல. அது தப்புன்னா எனக்கும் ஒரு மெமோ குடுத்துடுங்க. மதாமே டைப் அடிச்சிடுவாங்க."

எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அதிகாரி மெதுவாகச் சவரிமுத்து பக்கம் திரும்பி, "உங்களுக்கும் கொடுத்தாரா?" என்று கேட்டார். சவரிமுத்து தரையைப் பார்த்தபடி, "குடுத்தாரு சார்" என்றார். அப்புறம் கணக்கர். அப்புறம் வரிசையாக எல்லோருக்கும் ஞாபகம் திரும்பியது.

நடேசன் சார் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "நான் கதவைத் திறந்தப்ப இவங்க முறை. அத்தோட திரும்பிட்டேன். எங்க பக்கத்துல இந்தப் பழக்கம் கிடையாது" என்று அதிகாரியிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "விசாரிக்காம எழுதிட்டேம்மா" என்றார். மனசில் வஞ்சம் இல்லாத மனிதர்தான். அடுத்த வாரம் மெமோ ரத்து என்று காகிதம் வந்தது. கூடவே, இனி அலுவலக விருந்துகளில் ஒயின் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அன்றிலிருந்து எங்களுக்கு எலுமிச்சம்பழ ஜூஸும் காராபூந்தியும்தான்.

ஏப்ரலில் முசியே அந்துவானின் கடிதம் வந்தது. அந்த வருஷம் சூயஸ் கால்வாய் அடைபட்டிருந்ததால், அவர் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் நடத்தையைப் பற்றி நன்றாகத்தான் எழுதியிருந்தார். கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. நெருங்கியவர்களுக்கு எழுதும்போது பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும் முடிக்கிற மாதிரி, "உங்களையும் தெரேஸையும் முத்தமிடுகிறேன்" என்று முடித்திருந்தார். இந்தக் கடிதம் விசாரணைக்கு முன்னால் வந்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு ஃபைலில் ஏறியிருந்தால்? சகோதர சகோதரிகளே, எதற்காக நான் மாதாவிடம் சண்டை போட்டேனோ, அதைத் தராமல் வைத்திருந்தாள் அந்தத் தாய். கடலையே சுற்றி வரும்படி அனுப்பிவிட்டாள்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கோவிந்தனிடம் போய்ப் படித்துக் காட்டினேன். அதில் அவர் பெயரைச் சொல்லியும் நலம் விசாரித்திருந்தது. கேட்டுவிட்டுச் சிரித்தார். பல நாளாக மனசில் இருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"ஏன் அண்ணே, நான் அத்தனை நாள் தவிச்சனே. முன்னாடியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கலியே மதாம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. தெரேஸ் இப்போது டீச்சராக இருக்கிறாள். என் களைப்பு தீர்ந்துவிட்டது என்று சாட்சி சொல்ல மாட்டேன், தோள்பட்டை இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் தனியாகச் சுமக்கிறேன் என்ற எண்ணம் போய்விட்டது. அதற்காக ஆண்டவருக்கும் மாதாவுக்கும் தினமும் நன்றி சொல்கிறேன். இதை வாசிக்கிறவர்களில் என்னைப் போல் அலுத்துப்போனவர் யாராவது இருந்தால், நீளமாக ஜெபிக்க முடியவில்லையே என்று வருந்தாதீர்கள். முடியவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள், அதுவே போதும். எந்த வாசல் வழியாக உதவி வர வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

நான் இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறேன். காலையில் கோவிந்தன் அண்ணன் தண்ணீர் கொண்டுவரும்போது எழுந்து நின்று வாங்கிக்கொள்கிறேன்.