மோரில் உப்பு சரியா?

வெயிலுக்கு வீட்டு மோர் எப்படிப் போடுவது என்று காலையில் இங்கே பெரிய பதிவு போட்டேன் அல்லவா? இஞ்சி, கறிவேப்பிலை, துளி பெருங்காயம். நீங்களும் ஹார்ட்டாகக் குவித்தீர்கள்.

சாயங்காலம் ஆபீஸ் முடிந்து துறைமுகத்திலிருந்து பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் ஓர் அக்கா வந்து உட்கார்ந்தார். உப்பளத்தில் வேலையாம். உதடெல்லாம் வெடித்திருந்தது.

என் மோர் பாட்டிலை நீட்டினேன். நாக்கு நனைகிற அளவுக்குக் குடித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இன்னும் குடிங்கக்கா."

"போதும்ளா, வீடு போய்ச் சேரணும்லா. பகல் பூரா பாத்தியில நிக்கோம். அங்கன ஒதுங்க ஒரு முள்ளுச்செடி கெடையாது. குடிச்சுட்டு எங்க போவ?"

"கக்கூஸ் கட்டித் தரச் சொல்லிக் கேக்கலையா?"

"கேக்காமலா? மழைக்காலம் வரட்டும், கெட்டித் தாரோம்னு சொல்லுதாவ. மழை வந்தா உப்பளத்துல வேலையே கெடையாது!"

சொல்லிக்கொண்டே பாட்டிலை மறுபடி வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"காலையில ஊத்துனதா? கழுத்து வரைக்கும் இருக்கு. நீ ஏம்ளா குடிக்கல?"

எங்கள் ஆபீஸ் லேடீஸ் பாத்ரூம் சாவி மேனேஜரின் மேஜை டிராயரில் இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் அவர் முன்னால் போய் நின்று கேட்க வேண்டும் என்றேன்.

அக்கா 'ச்சு' கொட்டினார்.

மோரில் உப்பு சரியாக இருந்ததா என்று கமெண்டில் கேட்டவர்களுக்கு: அந்த உப்பளத்து அக்காவைத்தான் கேட்க வேண்டும். நான் இன்னும் குடித்துப் பார்க்கவில்லை.