உப்புப் போட்ட நாவற்பழம்

எங்கள் விரிவுரையாளரிடம் ஒரு வெளிநாட்டுப் புத்தகம் இருந்தது. ராஸ்பெரியில் எந்த இனத்தில், பிளாக்பெரியில் எந்த இனத்தில் ஒட்சியேற்ற எதிர்ப்பொருள் கூடுதல் என்று யாரோ வேலையற்றவன் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். அந்தப் பழங்களை விரிவுரையாளரே ஜாம் போத்தல் லேபலில்தான் கண்டிருக்கிறார். "நீர் உம்மட ஆராய்ச்சிய நாவற்பழத்தில செய்யும்," என்றார். உடம்பு துருப்பிடிக்காமல் காக்கும் அந்தச் சத்து கறுத்த பழங்களில்தான் அதிகமாம். கிழவியாகும் வரை உயிரோடிருப்பதே சந்தேகமான ஊரில், முதுமையைத் தள்ளிப்போட நான் ஆராய்ச்சிக்குப் புறப்பட்டேன்.

பல்கலைக்கழகம் மூடித் திறந்து, மூடித் திறந்து, என் பட்டம் பழுத்து அழுகும் நிலையில் இருந்தது. அந்தப் பருவத்து நாவலை விட்டால் இன்னொரு வருடம் போய்விடும். ஆகவே வாவி தாண்டி மண்டூரில் இருந்த மச்சாளிடம் போனேன். அவள் வளவில் பெரிய நாவல், குளக்கட்டில் சின்ன நாவல், வயல் வட்டை ஓரத்தில் கொட்டையைத் தவிர வேறொன்றும் இல்லாத காட்டு நாவல். மூன்றையும் பறித்து, மூன்று பைகளில் அவளே கட்டித் தந்தாள்.

திரும்பி வந்து தோணித்துறையில் இறங்கியதும் ஆமிக்காரரின் சென்றியில் சோதனை. ஒருவன் பைகளை முகர்ந்து பார்த்தான். ஒரே பழம் ஏன் மூன்று பைகளில் என்று கேட்டான். இனம் வேறு என்றேன். அது அவனுடைய சந்தேகத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

"சாப்பிட்டுக் காட்டு," என்றான்.

ஒவ்வொரு பையிலும் ஒன்று எடுத்து வாயில் போட்டேன். உப்பு! மூன்றிலும் உப்பு. நாவற்பழத்தை உப்புப் போட்டுக் குலுக்காமல் விருந்தாளிக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக்கேடு. மச்சாள் சரியான மரியாதைக்காரி. பழமெல்லாம் நசிந்து சாறு விட்டிருந்தது, ஆய்வுகூடத்துக்கு உதவாது. ஆத்திரம் தாங்காமல் அந்த இடத்திலேயே அழுதேன். நஞ்சைத் தின்றுவிட்டேன் என்று நினைத்தானோ என்னவோ, ஆமிக்காரன் துவக்கோடு பின்வாங்கினான். அந்த யுத்தத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

விடுதிக்கு வந்த கையோடு, மண்டூருக்குப் போகிற ஒருத்தியிடம் சொல்லி அனுப்பினேன்: "என்ட படிப்ப ஊறுகாய் போட்டுட்டாய் எண்டு மச்சாளிட்டச் சொல்லு."

அடுத்த கிழமை மச்சாள் விடுதி வாசலில் நின்றாள். கையில் மூன்று பைகள். உதடு, நாக்கு எல்லாம் ஊதா. அவளுடைய அண்ணனை அந்தச் சென்றியில் மறித்து வைத்த நாளிலிருந்து அவள் வாவி கடந்ததே இல்லை. அண்ணன் திரும்பி வரவும் இல்லை.

"உப்புப் போடல்லடி," என்றாள்.

"உன்னையும் திங்கச் சொன்னவனா?"

"ஓம். உப்பில்லாம இதத் திங்க ஏலுமா? ஆனாலும் திண்டன். திண்டு காட்டிப்போட்டு, அண்ணன எங்க வச்சிருக்கிறீங்க எண்டு கேட்டன். தெரியாதாம்."

பைகளை என் கையில் திணித்தாள்.

"சுணங்காமக் கொண்டு போ. நசிஞ்சிரும்."