லொறிக்கு ஒரு ஒயில் பேணி

கணவர் கனடாவுக்குப் போனபோது வெள்ளவத்தையில் இரண்டு அறை வாடகை வீடும் ஒரு லொறியும் என் பொறுப்பில் மிஞ்சின. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். சண்டையால் அங்கே போகும் பாதை பூட்டியிருந்த காலம் அது. கடிதம் வருவதே பெரிய காரியம்.

கொட்டாஞ்சேனைப் பண்டகசாலைகளில் சரக்கு ஏற்றி, இரத்மலானைத் தொழிற்சாலைகளில் இறக்குவதுதான் லொறியின் வேலை. களனியைச் சேர்ந்த சிங்களவர் ஒருவர் அதை ஓட்டினார். எங்களிடம் ஆறு வருடமாக இருந்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். காலையில் வந்து, அன்று எங்கே போக வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போவார். பின்னேரம் லொறியை ஒழுங்கை முடிவில் விட்டுவிட்டுத் திறப்பைத் தருவார். சில நாட்களில் அவரோடு பேசும் அந்த நாலு வார்த்தைகளைத் தவிர என் வாயிலிருந்து வேறு சொல் வந்திருக்காது.

ஒருநாள் திறப்பைத் தந்தவர் போகாமல் நின்றார். லொறி பாரம் இழுக்கக் கஷ்டப்படுகிறது, கறுப்பாகப் புகைக்கிறது என்றார். கராஜில் கழற்றிப் பார்த்தபோது காற்று உள்ளே போகும் குழாய் முழுவதும் ஒயிலாக இருந்ததாம். ஏதோ ஒன்று பூட்ட வேண்டும் என்கிறார்களாம், அதை உரிமையாளரிடம்தான் சொல்வார்களாம்.

மறுநாள் நான் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சாரதி லொறியோடு முன்னமே அங்கே நின்றார். கராஜ்காரர் அந்தப் பகுதிக் கத்தோலிக்கத் தமிழர், என்னைவிட இளையவர். அதுவரை நான் லொறியின் எஞ்சினைப் பார்த்ததே இல்லை. அவர் எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, அதைக் கவிழ்த்து அதே வாயில் வைத்தார். மூடி இலேசாக நடுங்கியது, ஆனால் விழவில்லை.

"பாத்தீங்களா அக்கா? இது துள்ளி விழுந்தா எஞ்சின் தேஞ்சுட்டுன்னு அர்த்தம். இது அவ்வளவுக்கு இல்ல. எஞ்சின் மூச்சு விடும்போது ஒயில் ஆவி வருது. அது இந்த ஹோஸ் வழியா திரும்பக் காத்துக் குழாய்க்குள்ளயே போகுது. நடுவுல ஒரு சின்னத் தகரப் பேணி வச்சா, ஒயில் பேணியில நிக்கும், காத்து மட்டும் போகும்."

தீமை ஏதும் உண்டா என்று கேட்டேன். ஒழுங்காக ஊற்றிக் காலி செய்ய வேண்டும், மறந்துபோய் அது அடைபட்டால் எஞ்சினுக்குள் அமுக்கம் கூடி ஒயில் வேறு இடத்தால் ஒழுகும் என்றார். பூட்டாமல் விட்டாலும் லொறி நாளைக்கே நின்றுவிடாது என்பதையும் மறைக்கவில்லை.

வெளியே வந்ததும் சாரதி மெதுவாகத் தன் யோசனையைச் சொன்னார். அவருக்குத் துறைமுகப் பக்கத்தில் பழகிய தமிழ் இருந்தது.

"பூட்டுறது நல்லம்தான், நோனா. ஆனா தினம் ரெண்டு செக்பொயின்ட் இருக்கு. உருண்டைப் பேணி, ரெண்டு ஹோஸ். லொறிப் புத்தகத்துல மாத்தயாட பேர்."

மாத்தயா என்றது என் கணவரை. மேலே சொல்லத் தேவை இருக்கவில்லை. தமிழ்ப் பெயரில் பதிந்த லொறியின் எஞ்சினுக்குள் குழாய் பூட்டிய தகரப் பேணி ஒன்றைக் கண்டால் அந்த நாட்களில் குண்டு என்றுதான் நினைப்பார்கள் என்று எனக்கும் தெரியும்.

கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் ஆறு மணிக்குக் காலி வீதியில் உள்ள தொலைபேசிக் கடைக்கு அவர் அழைப்பார். முன்பு தவறாமல் வந்த அழைப்பு, அப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்திருந்தது. அந்த ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறுதான் அழைப்பு வந்தது. மூடி நடுங்கியதிலிருந்து சாரதியின் பயம் வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். ஒரு கிழமையாக யாருக்காவது சொல்ல வேண்டும் என்று மனதில் அடுக்கி வைத்திருந்த கதை அது.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

"உதுக்கெல்லாம் ஏன் என்னைக் கேக்கிறீர்? உமக்குச் சரியெண்டாப் பூட்டும். இல்லாட்டி லொறியை வித்துப்போட்டு விடும்."

அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த லொறியைத் தன் கையால் கழுவித் துடைத்த மனிதர், பக்கத்து வீட்டு லொறியைப் பற்றிக் கேட்டது போலப் பதில் சொன்னார். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே இன்னொரு பெண் தன் அழைப்புக்காகக் காத்திருந்தாள். நான் சரி என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை சாரதியிடம் பூட்டச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அது யோசித்து எடுத்த முடிவா, கடற்கரையோரமாக வீட்டுக்கு நடந்துபோன வழியில் வந்த வீம்பா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

பேணி நன்றாகவே வேலை செய்தது. புகை குறைந்தது. இரண்டு கிழமை கழித்து அதைக் காலி செய்யும்போது நானும் போய் நின்றேன். பால்கோப்பி நிறத்தில், தண்ணீரும் ஒயிலும் கலந்து, அரைத் தம்ளர் வந்தது. இவ்வளவும் உள்ளே போயிருக்கும் என்று சாரதி காட்டினார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதைச் சொல்ல ஆளில்லாமல், வீட்டுக்கு வந்து இரண்டு தடவை தேத்தண்ணீர் போட்டுக் குடித்தேன்.

மூன்றாவது மாதம், ஒரு சோதனைச் சாவடிக்குப் பக்கத்துக் கடையிலிருந்து எனக்கு அழைப்பு வந்ததாகத் தொலைபேசிக் கடைப் பையன் ஓடி வந்து சொன்னான். லொறியை மறித்துவிட்டார்கள், உரிமையாளர் வர வேண்டும் என்றார்களாம். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, லொறிப் புத்தகம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

எஞ்சின் திறந்து கிடந்தது. பேணி கழற்றப்பட்டுத் தெருவோரத்தில், எல்லோரும் விலகி நிற்க, தனியே இருந்தது. சாரதி வெயிலில் குந்தியிருந்தார். அவரைக்கொண்டே அதைத் திறக்க வைத்திருக்கிறார்கள். சட்டை முழுக்க ஒயில். அதிகாரி என்னிடம் சிங்களத்தில் கேட்டார். இதைப் பூட்டச் சொன்னது யார்? நான்தான் என்றேன். கணவர் எங்கே? கனடாவில். ஏன் போனார், எப்போது வருவார், யார் அனுப்பினார்கள்? தெரிந்ததைச் சொன்னேன். அதே கேள்விகளை இன்னொருவர் வந்து கேட்டார். பிறகு யாரோ வாகனம் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் பேணியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். பின்னேரம் மூன்று மணிக்கு விட்டார்கள்.

சாரதி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. முன் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தபோது, பேணியைக் கழற்றிவிடுவோம் என்றேன்.

"எனக்காகக் கழட்ட வேணாம், நோனா. இனி மறிச்சா நானே விளங்கப்படுத்துவன்."

"உங்களுக்காக இல்லை. என்னாலை இன்னொருக்கா வந்து நிக்க ஏலாது."

அது உண்மை. அவருக்காகத்தான் என்று சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு அவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

கராஜ்காரர் பழைய குழாயையே திரும்பப் பூட்டினார். மாதம் ஒருமுறை காற்றுக் குழாயைக் கழற்றிக் கழுவினால் சமாளிக்கலாம் என்றார். அதற்குப் பூரணை விடுமுறையான போயா நாட்களை ஒதுக்கினோம். சாரதி பன்சலையில் புத்தரைக் கும்பிட்டுவிட்டு வெள்ளைச் சட்டையோடு வருவார், அதை மாற்றிக்கொண்டு குழாயைக் கழற்றுவார். நான் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய துணியால் துடைத்து, வெயிலில் காய வைப்பேன். காயும் வரை இருவரும் லொறியின் நிழலில் இருப்போம்.

அப்படி ஒரு போயா நாளில், மாத்தயா எப்போது வருவார் என்று அவர் கேட்டார். அதுவரை யார் கேட்டாலும் அடுத்த வருஷம் என்று சொல்லிப் பழகியிருந்தேன்.

"தெரியாது," என்றேன்.

அவர் எழுந்து போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஈரம் என்றார். நான் அதை மறுபக்கம் திருப்பி வைத்தேன்.