குத்துக்கல்லைக் கட்டிப்பிடித்த அசெனோர்

கடலில் பாசி அரித்துக் கை காய்த்துப்போனவள் அசெனோர். அவள் புருஷன் துதுவால் கல்தச்சன். வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். அவள் வளர்த்த பன்றியை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டு வருவான்.

எங்கள் ஊர் மேய்ச்சல் வெளியில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு குத்துக்கல் நிற்கிறது. அதில் வயிறு தேய்த்த பெண்ணின் பேச்சுதான் வீட்டில் எடுபடும் என்பார்கள். அதனாலேயே ஆண்கள் தங்கள் பெண்டாட்டிகளை அந்தப் பக்கம் அண்டவிடுவதில்லை.

புதிதாக வந்த பங்குச்சாமிக்கு அந்தக் கல்லைக் கண்டாலே ஆகாது. உச்சியில் சிலுவை நடச் சொல்லி துதுவாலை ஏவினார். ஊரே வேடிக்கை பார்க்க, பாதி ஏணியில் அவன் நின்றுவிட்டான். கல் சும்மா விடாது என்ற பயம்.

"சாமி, தலை சுத்துது."

"காலையிலேயே குடிச்சியா?"

"இறங்குய்யா, நான் ஏறுறேன்" என்றாள் அசெனோர்.

இறங்கி வந்தவன் அவள் காதில் கெஞ்சினான்: "அடியே, வயிறு படாம ஏறுடி!"

உச்சிப் பிளவில் சிலுவையைச் செருகி, சுத்தியலால் ஓங்கி நாலு போடு போட்டாள். இறங்கும்போது ஏணியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கல்லை இறுகக் கட்டிக்கொண்டு, வயிறு தேயத் தேய, சாவகாசமாகச் சறுக்கி வந்தாள்.

பெண்கள் தாடையில் கட்டியிருந்த தொப்பி நாடாவைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். ஆண்களுக்கு முகம் வெளுத்தது. சாமிக்கு மட்டும் கண் கலங்கியது.

"சிலுவையைப் பிரிய மனசில்லாம எப்படி அணைச்சுக்கறா பாருங்க! எல்லாப் பொண்ணுங்களும் இவளைப் பார்த்துக் கத்துக்கணும்!"

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சிலுவையைக் கும்பிடும் சாக்கில் கல்லின் அடியில் பெண்கள் வரிசை கட்டினார்கள். ஆண்கள் சாமியிடம் ஓடினார்கள்.

"சாமி, அந்தச் சிலுவையை எடுத்துடுங்க."

"சிலுவையை எடுக்கணுமா? அஞ்ஞானிப் பசங்களா!"

கல்லுக்குத்தான் பயப்படுகிறோம் என்று சொன்னால் இன்னும் திட்டு விழும் என்று வந்த வழியே திரும்பினார்கள்.

கல்லின் வேலையோ, அவன் பயத்தின் வேலையோ, துதுவால் தானாகவே துணி அலசத் தொடங்கினான். எதை விற்பதானாலும் அவளைக் கேட்டுத்தான் விற்றான். முதலில் முறைத்துக்கொண்டு, பிறகு பாட்டுப் பாடிக்கொண்டு.

சாமிக்கு விஷயம் புரிய ஒரு வருஷம் ஆயிற்று. அவருடைய சமையல்காரி பெரினும் கல்லைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்து, ஆப்பிள் மதுப் பீப்பாயைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சாமி நேரே அசெனோரிடம் வந்தார்.

"ஏம்மா, நீயாவது பெரின்கிட்ட கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

"என்னன்னு சொல்ல, சாமி? பக்தியைக் குறைச்சுக்கோன்னா?"

சாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அசெனோர் அவரை உட்காரவைத்து, துதுவாலைக் கூப்பிட்டு ஒரு குவளை ஆப்பிள் மது கொண்டுவரச் சொன்னாள்.