அண்ணன் பெயர் சொல்லாத கப்பல்

திருக்கழுக்குன்றத்துக்கு அருகே ஓர் உழவுக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் எங்கள் அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், வயல் வேலையும் பார்த்துக்கொண்டு, செங்கல்பட்டுக்குச் சைக்கிள் மிதித்து வரைபடத் தொழில் படித்தார். எட்டாவதோடு நின்ற எனக்கு லாரி உரிமம் எடுத்துக் கொடுத்தவரும் அவர்தாம். பிறகு போர்க்கப்பல் வடிவமைக்கும் அலுவலகத்தில் வேலை கிடைத்து வடக்கே போனார். அவருடைய நேர்மையையும் பொறுமையையும் நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கே தெரியும்.

தெரியாத ஒன்று உண்டு. அவர் மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது, சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் கடைசியாக வரைந்த கப்பலுக்கு எந்த ரேடார் வாங்குவது என்று மேலே இருந்தவர்களால் ஆண்டுக்கணக்கில் முடிவு செய்ய முடியவில்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்களே, அந்தக் கதை. அதற்குள் கப்பலின் உடல் பாதிக்கு மேல் எழும்பிவிட்டது. கடைசியில் வாங்கியதோ வரைபடத்தில் இருந்ததைவிடக் கனமானது. உட்காருவதோ கப்பலின் உச்சியில். உச்சியில் பாரம் கூடினால் என்ன ஆகும் என்று லாரிக்காரனுக்கு விளக்க வேண்டுமா?

பொருத்திய பின் கப்பலை மறுபடி சாய்த்துச் சோதிக்க வேண்டும் என்று அண்ணன் எழுதிக் கொடுத்தார். ஒப்படைக்கும் நாள் குறித்தாயிற்று, கணக்கில் சரியாகத்தான் வருகிறது, கையெழுத்துப் போடு என்றார்கள். போட்டார். எங்கள் ஊரில் வைக்கோல் வண்டிக்குப் பாரம் ஏற்றியவனே உச்சியில் உட்கார்ந்து வர வேண்டும். சாய்ந்தால் முதலில் விழுபவன் அவன். அந்த வழக்கப்படி, முதல் பயணத்தில் தன்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டாராம். ஓய்வு பெறப் போகிற மனிதருக்கு எதற்கு இது என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

திருவிடந்தையில் வீடு கட்டி வந்த பிறகு, காற்று எழும்பினால் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுக் கரைக்குப் போய்விடுவார். ஒருநாள் பின்னாலேயே போனேன். கடலைப் பார்த்தபடி வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா எண்ணிகினு கீற?"

"சாய்ஞ்ச கப்பலு பத்து எண்றதுக்குள்ள வெடுக்குனு நிமிரணும்டா. சோம்பி நிமிர்ந்துச்சுன்னா மேல பாரம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

"அதான் ஓடிகினு கீதே. கவுந்திருந்தா பேப்பர்ல வந்திருக்காதா?"

"பெரிய புயல இன்னும் பாக்கலடா அது."

கப்பலின் பெயரையாவது சொல்லுங்கள் என்றேன். அலுவலக ரகசியம் என்றார். அண்ணியிடமும் அவர் சொன்னதில்லை.

செங்கல்பட்டு மருத்துவமனையில் கடைசி மூன்று நாளும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். பத்தைத் தாண்டும்போது முகம் வெளிறிப்போகும். நிமிர்ந்துச்சாடா என்பார். நிமிர்ந்துச்சுண்ணா என்பேன். ஒரு தடவை என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ பாத்தியா?"

எதையும் பேசிச் சமாளிக்கிற வாய்தான் இது. அன்றைக்குப் பொய் சொல்ல வராமல் அவர் போர்வையை இழுத்துவிட்டேன். அவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

அண்ணனைத் தாங்கிப் பிடித்த செவிலியர்களுக்கும், நெம்மேலியிலிருந்து நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த அண்ணியின் தம்பி குடும்பத்துக்கும், தோள் கொடுத்துத் தூக்கி வந்த திருவிடந்தை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இன்னும் ஓர் உதவி. உங்கள் வீட்டுப் பிள்ளை யாரேனும் கடற்படையில் இருந்தால், விடுப்பில் வரும்போது எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். கப்பலின் பெயர் கேட்க மாட்டோம். பெருங்காற்றில் சாய்ந்தோம், உடனே நிமிர்ந்தோம் என்று அண்ணன் படத்துக்கு எதிரே நின்று ஒரு வார்த்தை சொல்லட்டும். பார்த்தவர் வாயால் அவர் கேட்க வேண்டும்.

— தம்பி